ஐந்து நாற்பத்தேழுக்கு அணைந்த விளக்குகள்

"எங்கம்மா மாடிப்படியில விழுந்து செத்துப்போனாங்க சார். அந்த நேரத்துல விளக்கை அணைச்சது என் பொண்டாட்டி. அவளே ஒத்துக்கிட்டா. வேணும்னே அணைச்சாளா, கை தவறி அணைச்சாளா, அது மட்டும்தான் எனக்குத் தெரியணும்."

வந்தவர் இதை நின்றுகொண்டே சொல்லி முடித்துவிட்டு, பிறகுதான் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். நாற்பதை நெருங்கும் வயது. நகக்கண்ணில் கழுவியும் போகாத கிரீஸ். லிஃப்ட் மெக்கானிக் என்று சொல்லிக்கொண்டார்.

எதிரே இருந்தவரை எல்லோரும் சர்வேயர் என்றுதான் அழைப்பார்கள். தீப்பிடித்த கடைகளிலும் கிடங்குகளிலும் முப்பது வருடம் சாம்பலைக் கிளறி, எப்படிப் பிடித்தது, யார் பிடிக்க வைத்தது என்று இன்சூரன்ஸ்காரர்களுக்கு எழுதிக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் தேடி வருவது நிற்கவில்லை. பக்கத்தில் நோட்டும் பேனாவுமாகத் தயாராக இருந்தவர் அவருடைய மைத்துனர். பஸ் கண்டக்டராக இருந்தவர். அக்கா வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்து நாலு வருடம் ஆகிறது. துப்பறிவதில் அவருக்கு இருந்த ஆசை, கண்டுபிடிப்பதில் இருந்த அவசரத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார் சர்வேயர்.

"போன வருஷக் குளிர்ல அம்மாவுக்கு முட்டியெல்லாம் விறைச்சுப்போச்சு சார். ஹீட்டரைப் போட்டுக்கம்மான்னா மறந்துடுவாங்க, இல்ல போட்டுட்டு உடனே அணைச்சிடுவாங்க. அதான் இந்த வருஷம் நானே உட்கார்ந்து எல்லாத்தையும் மாட்டினேன். பதினோரு ஸ்மார்ட் பல்பு, மூணு ரூம் ஹீட்டர், ஒரு கீசர். எல்லாம் போன்ல ஒரே ஆப்ல. அம்மா எழுந்திருக்கிறதுக்கு அரை மணி முன்னாடி அவங்க ரூம் தானா சூடாயிடும். பொழுது சாய்ஞ்சா படிக்கட்டு விளக்கு தானா எரியும். அவங்க ஒண்ணையும் தொடவேண்டாம்."

"எப்ப மாட்டினீங்க?"

"அவங்க விழுறதுக்கு மூணு வாரம் முன்னாடி. இப்ப அவங்க போயி அஞ்சு வாரம் ஆச்சு."

"அன்னிக்கு வீட்ல யார் இருந்தாங்க?"

"நான் காலையில போனா சாயந்திரம் ஆறரைக்கு மேலதான் வருவேன். என் மனைவி மருந்துத் தொழிற்சாலையில ராத்திரி ஷிப்ட். பகல்ல வீட்ல தூங்குவா. அன்னிக்கு யாரோ லீவுன்னு அவளை ஆறு மணி ஷிப்டுக்கே கூப்பிட்டுட்டாங்க. அஞ்சு இருபதுக்கு அம்மாகிட்ட சொல்லிட்டுக் கிளம்பியிருக்கா. நான் வர்றப்ப ஆறு நாப்பது." மெக்கானிக் நகக்கண் கிரீஸைச் சுரண்டினார். "வீடு முழுக்க வெளிச்சம் சார். ஹால்ல, படியில, எல்லா விளக்கும் எரியுது. ஹீட்டர் ஓடுது. அம்மா கடைசிப் படியில கிடந்தாங்க. ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் இருந்தாங்க. 'ஒரே இருட்டுடா, ஒரே இருட்டுடா'ன்னு அதையேதான் சொன்னாங்க. மயக்கத்துல பேசறாங்கன்னு நினைச்சேன்."

"அப்புறம்?"

"எல்லாம் முடிஞ்சப்புறம் ஆப்பைத் திறந்து பார்த்தேன். அதுல எது எப்ப எரிஞ்சுது, எப்ப அணைஞ்சுதுன்னு பதிவு இருக்கும். அஞ்சு நாப்பத்தேழுக்கு எல்லா விளக்கும் அணைஞ்சிருக்கு. பக்கத்துல என் மனைவி போன் பேரு. கேட்டேன். 'ஆமா, நான்தான் தெரியாம அணைச்சுட்டேன்'னா."

"ஆறு நாப்பதுக்கு எரிஞ்சுதே, அதைப் போட்டது யாரு?"

"ஆறு முப்பத்தெட்டுக்கு என் போன் போட்டிருக்கு. நான் எதையும் தொடல சார். பாலத்தைத் தாண்டிட்டாலே நான் வர்றேன்னு வீட்டுக்குத் தெரிஞ்சிடும். அப்படி செட் பண்ணியிருக்கேன்." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வேலைக்காரனின் பெருமை எட்டிப் பார்த்தது. அடுத்த நொடியே அது வெட்கப்பட்டுக் காணாமல் போயிற்று.

"இந்த ஆப் யார் யார் போன்ல இருக்கு?"

"வீட்ல எல்லார் போன்லயும் இருக்கு."

கண்டக்டர் பொறுக்கமுடியாமல் குறுக்கிட்டார். "மாமியாருக்கும் மருமகளுக்கும் எப்படி?"

"நல்லாத்தான் இருப்பாங்க. ஹீட்டர் விஷயத்துல மட்டும் வாய்ச்சண்டை வரும். பகல்ல தூங்குறவளுக்குப் புழுங்கும், அம்மாவுக்குக் குளிரும். அதை வச்சுத்தான் எங்கக்கா பேசறா. திங்கக்கிழமை போலீசுக்குப் போறேன்னு நிக்கிறா. என் மனைவி இப்ப தொழிற்சாலை ஹாஸ்டல்ல இருக்கா." அவர் நிமிர்ந்து பார்த்தார். "வேணும்னே செஞ்சிருந்தா, என்னால அவகூட வாழ முடியாது சார். இல்லேன்னா, அக்காவைத் தடுக்கணும். இன்னிக்கு சனிக்கிழமை."

அவர் வாசல் இறங்கியதும் கண்டக்டர் நோட்டை மூடினார். "கேஸ் முடிஞ்சுபோச்சு அத்தான். ஒத்துக்கிட்ட குற்றவாளி, எழுத்துல சாட்சி. இதுக்கு நாம எதுக்கு?"

"ஒரு போன் யாரும் தொடாமலே வீட்டுக்கு வெளிச்சம் போடுது," என்றார் சர்வேயர், செருப்பை மாட்டிக்கொண்டே. "அதை மட்டும் கொஞ்சம் யோசிச்சுட்டு வாங்க."

மாலை நான்கு மணிக்கு அவர்கள் அந்த வீட்டில் இருந்தார்கள். இரண்டு மாடி, குறுகலான வீடு. கீழே ஹாலும் சமையலறையும், மேலே இரண்டு அறைகள். அம்மாவின் அறைக்கு வெளியே நேராகப் படி இறங்கியது. மெக்கானிக் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார். ஒரு வயர் வெளியே தெரியவில்லை. படியின் கைப்பிடியைக்கூடப் புதிதாக இறுக்கியிருந்தார். ஒரே ஒரு விஷயம்தான் கண்ணை உறுத்தியது. சுவரில் இருந்த விளக்குச் சுவிட்சுகள் எல்லாவற்றின் மேலும் அகலமான டேப் ஒட்டியிருந்தது.

"இது எதுக்கு?" என்றார் கண்டக்டர்.

"சுவத்துல அணைச்சுட்டா பல்புக்குக் கரண்ட் வராது. அப்புறம் ஆப் சொல்றதை அது கேட்காது. சுவத்துலயே மறுபடி போட்டாத்தான் எரியும். அம்மா பழக்கத்துல அணைச்சிடுவாங்கன்னு ஒட்டினேன். 'தொடாதீங்கம்மா, கெட்டுப்போயிடும்'னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேன்."

சர்வேயர் மாடிப்படியின் உச்சியில் இருந்த சுவிட்சின் முன் வெகுநேரம் நின்றார். அதன் டேப் மட்டும் மற்றவை மாதிரி இல்லை. ஒரு மூலையில் நகத்தால் சுரண்டி, அரை விரல் நீளத்துக்கு உரித்திருந்தது. உரித்த பகுதியை யாரோ கட்டைவிரலால் அழுத்தித் திரும்ப ஒட்டியிருந்தார்கள். சரியாக ஒட்டாமல் அது சுருங்கிக் கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை.

"பதிவைக் காட்டுங்க," என்றார்.

மெக்கானிக் போனை நீட்டினார். ஐந்து நாற்பத்தேழு. பதினோரு பல்பும் மூன்று ஹீட்டரும் கீசரும் ஒன்றன்கீழ் ஒன்றாக, எல்லாம் ஒரே நொடியில். சர்வேயர் மூன்று வாரத்துப் பதிவையும் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தார். அப்படி எல்லாம் சேர்ந்து அணைந்தது அந்த மாலைக்கு முன் ஒருதடவைகூட இல்லை.

அதே சமயம் அந்தப் போனே அடித்தது. எங்கோ ஒரு கட்டிடத்தில் இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டதாம், உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டார்களாம். மெக்கானிக் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையில் தேய்ந்தபோது மணி ஐந்து பத்து. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. படிக்கட்டு விளக்கு தானாக எரிந்தது.

"நல்லாத்தான் பண்ணியிருக்கார்," என்று மெச்சிக்கொண்டே கண்டக்டர் படிகளை அளக்கப் போனார். பதினைந்து படி. உயரம், அகலம் எல்லாவற்றையும் கேட்காமலே குறித்துக்கொண்டார். அவர் உச்சிக்கு ஏறி நின்றபோது வீடு முழுவதும் ஒரே அடியாக இருண்டது.

"அத்தான்! கரண்ட் போயிடுச்சு!"

"போகலை. பிரிட்ஜ் ஓடுற சத்தம் கேட்குது பாருங்க." கீழேயிருந்து சர்வேயரின் குரல் வந்தது. "மணி அஞ்சு முப்பத்தாறு. நீங்க அங்கேயே நில்லுங்க. சுவிட்ச் கைக்குக் கிடைக்குதா?"

"கிடைக்குது. டேப் ஒட்டியிருக்கே... அத்தான், புரிஞ்சுபோச்சு! அந்தப் பொண்ணு எங்கேயோ உட்கார்ந்துக்கிட்டு மறுபடி அணைச்சுட்டா! நம்மளையும் தள்ளிவிடப் பார்க்கிறா!"

கண்டக்டர் சுவரைத் தடவிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். ஏழாவது படியில் அடுத்த படி எங்கே என்று காலால் துழாவ வேண்டியிருந்தது. கீழே வந்து தன் போன் வெளிச்சத்தைக் காட்டியபோது, சர்வேயர் படியின் அடியில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். சாம்பலுக்குள் எது கிடந்தாலும் அசராத அந்த மனிதரின் முகம் அன்று பார்க்கச் சகிக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் மருந்துத் தொழிற்சாலைக்குப் போனார்கள். வாசலுக்கு உள்ளே ஒரு சுவர் முழுக்க இரும்பு லாக்கர்கள். காக்கிச் சட்டை போட்டவர்களோடு ஐந்தே நிமிடத்தில் ஒட்டிக்கொள்ளும் திறமை கண்டக்டருக்கு உண்டு. காவலாளி ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: மாத்திரை பொதியும் இடத்துக்குள் யாரும் போன் கொண்டுபோக முடியாது. லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கார்டைக் காட்டி உள்ளே போகவேண்டும். மாமியார் விழுந்த அன்றைக்கு அந்தப் பெண் உள்ளே போன நேரம், கார்டுப் பதிவின்படி, ஐந்து நாற்பது.

"அஞ்சு நாப்பதுக்கு உள்ளே போனவ அஞ்சு நாப்பத்தேழுக்கு எப்படிப் போனைத் தொட்டா?" என்று கண்டக்டர் கிசுகிசுத்தார். நேற்று தீர்ந்துபோன கேஸ் அவருக்கு இன்று மறுபடி முளைத்துவிட்டது.

ஹாஸ்டலிலிருந்து அவள் இறங்கி வந்தாள். தூக்கமில்லாத கண்கள். யார் அனுப்பியது என்று கேட்டதும் துப்பட்டாவை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"நான் சொல்லவேண்டியதை அவர்கிட்டயே சொல்லிட்டேனே சார். கிச்சன் விளக்கை அணைக்க மறந்துட்டோமேன்னு போனை எடுத்தேன். கை தவறி எல்லா விளக்கும் அணைஞ்சுபோச்சு."

"எங்கேயிருந்து?"

"இங்கேயிருந்துதான். வேலை செய்யற இடத்துலேர்ந்து."

"ஹீட்டர் மூணும் கீசரும்கூட அதே கை தவறலா அம்மா?"

அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள்.

"விளக்கு ஒரு பக்கம், ஹீட்டர் ஒரு பக்கம், கீசர் வேற பக்கம். ஆப்பை நேத்து நானும் பார்த்தேன். ஒரு விரல் ஒரு நொடியில அத்தனையையும் தாண்டாது. அதோட உங்க போன் அப்ப லாக்கர்ல இருந்துச்சு."

அவள் சர்வேயரின் முகத்தையே பார்த்தாள். "உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சா?" என்றாள் மெதுவாக.

"தெரிஞ்சுபோச்சு."

"கால்ல விழுந்து கேட்கிறேன் சார், அவர்கிட்ட சொல்லிடாதீங்க. அவர் தாங்கமாட்டார். என் மேல இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

"நாளைக்குப் போலீஸ் வந்து கேட்டா?"

"நான்தான்னு சொல்வேன்."

"வேணும்னே செஞ்சேன்னு எழுதிக்குவாங்க. உங்க நாத்தனார் அதைத்தான் சொல்லப்போறாங்க."

"எழுதிக்கட்டும்," என்றாள் அவள். கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. "நீங்க பார்க்கலை சார். மூணு ஞாயித்துக்கிழமை தரையில படுத்து உருண்டு அந்த வயரெல்லாம் மாட்டினார். அம்மாவுக்குக் குளிரக்கூடாது, குளிரக்கூடாதுன்னு."

திரும்பும் பஸ்ஸில் சர்வேயர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கண்டக்டர் மூன்று தடவை தொண்டையைக் கனைத்தும் பலனில்லை. கடைசியில் சர்வேயரே கேட்டார்:

"கண்டக்டரே, பஸ்ல எத்தனை பேர் இருக்காங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டிக்கெட்டை வச்சுத்தான். எத்தனை கிழிச்சேனோ அத்தனை பேர்."

"டிக்கெட் இல்லாதவங்க யாருமே இருக்கமாட்டாங்களா?"

"மடியில இருக்கிற கைக்குழந்தைக்கு டிக்கெட் கிடையாதே. அதை நாமதான் கண்ணால பார்த்து ஞாபகம் வச்சுக்கணும். வெறும் டிக்கெட்டை மட்டும் எண்ணினா அந்தக் குழந்தை பஸ்லயே..." கண்டக்டர் பாதியில் நிறுத்தினார். வாய் திறந்தபடியே இருந்தது. "ஐயோ, அத்தான்," என்றார்.

வீடு வரும்வரை அவர் நோட்டைத் திறந்து திறந்து மூடினார்.

ஐந்து மணிக்கு மெக்கானிக்கின் ஹாலில் எல்லோரும் கூடினார்கள். மெக்கானிக்கின் அக்கா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், எதையும் காகிதத்தில் பார்த்தால்தான் நம்புவார். மெக்கானிக்கின் மனைவி வாசல் பக்கமாக நின்றாள். உட்காரச் சொல்லவும் யாரும் இல்லை.

"உங்க மனைவி விளக்கை அணைக்கலை," என்றார் சர்வேயர். "கை தவறியும் இல்ல, வேணும்னும் இல்ல. அவங்க சொன்னது பொய்." லாக்கரையும் ஐந்து நாற்பதையும் ஒரே நொடியில் அணைந்த ஹீட்டர்களையும் சுருக்கமாகச் சொன்னார்.

"அப்ப அவ போன் பேரு எப்படி வந்துச்சு?" என்றார் அக்கா.

"உங்க தம்பி சொன்னார், அவர் பாலத்தைத் தாண்டினா விளக்கு தானா எரியும்னு. வந்தா எரியுற வீடு, போனா என்ன செய்யும்?"

மெக்கானிக் உடனே பதில் சொன்னார். வேலை சம்பந்தப்பட்ட கேள்வி என்றால் அவருக்கு யோசனை தேவையில்லை. "எல்லாரும் வெளியே போயிட்டா, ஒரு இருபது இருபத்தஞ்சு நிமிஷம் பார்த்துட்டு எல்லாத்தையும் அணைச்சிடும். கடைசியா யார் போறாங்களோ அவங்க போன் பேரு பதிவாகும். ஆனா அன்னிக்கு வீடு காலியா இல்லையே சார். அம்மா இருந்தாங்களே."

"நேத்து நீங்க லிஃப்ட் பார்க்கப் போனப்ப இந்த வீட்ல நாங்க ரெண்டு பேர் இருந்தோம். நீங்க கிளம்பி இருபத்தாறாவது நிமிஷம் எல்லாம் அணைஞ்சுது." சர்வேயர் குரலைத் தாழ்த்தினார். "இந்த வீட்ல ஆள் இருக்கிறதைப் பார்க்கிற கண்ணு எதுவும் இல்ல. அது எண்ணுறது போனைத்தான். பகல்ல உங்க மனைவி போன் இருந்துச்சு, ராத்திரி உங்க போன் இருந்துச்சு. மூணு வாரம் ஏதாவது ஒண்ணு எப்பவும் வீட்ல இருந்துச்சு. அன்னிக்குத்தான் முதல்தடவையா ரெண்டும் வெளியே இருந்துச்சு. ஆப்ல 'வீட்டில் இருப்பவர்கள்'னு ஒரு இடம் இருக்கு. திறந்து பாருங்க."

மெக்கானிக் திறந்தார். எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை. அவராகவே, "ரெண்டு," என்றார்.

அவர் திரையை மறுபடி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"அம்மாகிட்ட அந்த மாதிரி போன் இல்லையே சார்," என்றார் அவர். யாருக்கோ பொறுமையாக விளக்குவதுபோல இருந்தது அந்தக் குரல். "அவங்க எங்கேயும் போகமாட்டாங்களே. எப்பவும் வீட்லதானே இருப்பாங்க. அவங்க பேரை எதுக்குச் சேர்க்கணும்னு..." வாக்கியம் முடியவில்லை. அவர் இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மாடிச் சுவிட்சின் டேப்பைப் பற்றிச் சர்வேயர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இருட்டில் ஒரு கிழவி அதை நகத்தால் உரிக்கப் பார்த்து, மகன் தொடாதே என்று சொன்னது ஞாபகம் வந்து, அதைத் திரும்ப ஒட்டிவிட்டுப் படியில் கால் வைத்தாள் என்பது இந்த வழக்குக்குத் தேவைப்படவில்லை. தேவைப்படாததைச் சொல்லாமல் விடும் உரிமையாவது தனக்கு இருக்கட்டும் என்று அவர் நினைத்தார்.

அக்கா தம்பியைப் பார்க்கவில்லை. தம்பி மனைவியைத்தான் பார்த்தார். "உனக்கு இது எப்பத் தெரியும்?"

"அன்னிக்கு ராத்திரியே, லாக்கரைத் திறந்ததும் அண்ணி. போன்ல தகவல் வந்திருந்துச்சு. வீட்டில் யாரும் இல்லை, எல்லாம் அணைக்கப்பட்டதுன்னு. அதுக்கு முன்னாடியே இவர் ஆஸ்பத்திரியிலேர்ந்து தொழிற்சாலைக்கு ஆள் அனுப்பியிருந்தார், அம்மா விழுந்துட்டாங்கன்னு. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தேன்."

"அஞ்சு வாரமா நான் உன்னை என்னென்ன பேசியிருக்கேன்! கொலைகாரின்னுகூடச் சொன்னேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?"

"அம்மா போனதே அவருக்குப் போதும் அண்ணி."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். உள்ளே குழாயைத் திறந்துவிட்ட சத்தமும், அதற்கு மேலாக அவர் அழுகிற சத்தமும் கேட்டன.

மெக்கானிக் தலையை நிமிர்த்திச் சர்வேயரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம்.

"நான் எதுக்கு உங்ககிட்ட வந்தேன் தெரியுமா சார்? அவ வேணும்னே செஞ்சிருக்கமாட்டான்னு எனக்கு உள்ளுக்குள்ள தெரியும். அதை நீங்க ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிட்டா போதும், அவளை மன்னிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடலாம்னு வந்தேன். இப்ப நான் யாரை மன்னிக்கிறது?"

கண்டக்டர் நோட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

வாசலில் நின்றவள் உள்ளே வந்தாள். "என் பெட்டி ஹாஸ்டல்ல இருக்கு," என்றாள் கணவனிடம். "போய் எடுத்துட்டு வரலாம். எழுந்திருங்க."

"முடியல," என்றார் அவர். கையை ஊன்றிப் பார்த்தார். "எழுந்திருக்க முடியலம்மா எனக்கு."

"சரி, அப்ப நாளைக்குப் போகலாம்," என்று சொல்லி அவள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.